பழைய சேலையில் போர்வை: கொழும்பிலிருந்து யாருக்கு, எப்படி?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் எட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கிறீர்கள். அலுமாரிகளில் உடுக்காத சேலைகள் கிடக்கின்றன. கீழே இருக்கும் தையற்கடைக்காரர் வெட்டுத்துணியைச் சாக்குக் கணக்கில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவற்றைக் கொண்டு கையாலேயே ஒட்டுப்போர்வை தைத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஆசை. எந்தத் தையல் போடுவது, நடுவே வைக்க எந்தப் பஞ்சு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தையலையும் பஞ்சையும் பற்றிச் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில், “கொழும்பு வெக்கையில் யார்தான் போர்த்துவார்கள் என்று என் கணவர் சிரிக்கிறார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கேள்வியே அதுதான். அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்தால் பஞ்சும் தையலும் தாமாகவே தெளிந்துவிடும்.

நான் இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், மாதிரி உடுப்புத் தைக்கும் பிரிவில், 22 வருடம் இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு கொட்டாஞ்சேனையில் மாதம் இரண்டு சனிக்கிழமை சில பெண்களோடு உட்கார்ந்து போர்வை தைக்கிறேன். துணி, நூல், தையல் பற்றிச் சொல்வதை அடித்துச் சொல்வேன். நோயாளி, குழந்தை என்று வரும் இடத்தில் தாதியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் என் கையிருப்பு. அங்கே என் பேச்சை விட அவர்கள் பேச்சை எடுங்கள்.

முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியபோது எங்களிடம் தைத்து முடித்த ஐந்து போர்வைகள் இருந்தன. எல்லாம் நடுவில் தடித்த பொலியெஸ்டர் பஞ்சு வைத்தவை, பார்க்க அழகானவை. ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெருமையோடு வந்தோம். நான்கு நாள் கழித்துச் சாப்பாடு கொண்டுபோனபோது அவற்றில் மூன்று ஈரத் தரையில் பாயாகக் கிடந்தன, ஒன்று சன்னல் இடைவெளியில் திணிக்கப்பட்டிருந்தது. பிழை அந்தச் சனங்களிடம் இல்லை. வெள்ளத்தில் வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே இரவில் காயும் மெல்லிய விரிப்பும் மாற்றுச் சாரமும். நாங்கள் கொடுத்ததோ, நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்து பிழிய வேண்டிய பாரம். தைக்கத் தெரிந்ததைத் தைத்தோம், கேட்டுத் தைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம்: துணி வெட்டும் முன், அது போய்ச்சேரப்போகும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்து மூன்று விடயம் கேட்போம். யார் போர்த்தப் போகிறார்கள், யார் தோய்க்கப் போகிறார்கள், எங்கே காயப்போடுவார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் மறுமுனையில் சிரிப்பார்கள். அதன் பதிலை வைத்துத்தான் நான் துணி எடுக்கிறேன்.

கொழும்புக்குள்ளேயே கொடுக்க வேண்டுமானால் கனத்தை மறந்துவிடுங்கள். இங்கே இரவிலும் வெக்கை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் குளிரூட்டிய அறையில் மணிக்கணக்காகச் சேலைன் ஏறிக்கொண்டு படுத்திருப்பவருக்குக் குளிரும், முதியோர் இல்லத்தில் மின்விசிறிக்குக் கீழே படுக்கும் வயோதிபருக்கு விடியற்காலையில் கால் குளிரும். இவர்களுக்கு இரண்டு அடுக்குப் பருத்தித் துணி போதும், பஞ்சே வேண்டாம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குத் தூர மாவட்டங்களிலிருந்து புற்றுநோயாளர் வருகிறார்கள். கூட வரும் உறவினரும் எங்கோ ஓரிடத்தில் இரவைக் கழிக்க வேண்டும். மடித்தால் கைப்பைக்குள் அடங்கும் போர்வை அவர்களுக்கு உதவும். எந்த வைத்தியசாலையானாலும் வார்ட் பொறுப்புத் தாதியிடம் முதலில் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வார்டில் வெளித்துணியை ஏற்காமல் இருக்கக் காரணம் உண்டு. “வேண்டாம்” என்றால் கோபிக்க ஒன்றுமில்லை. குழந்தைப் போர்வை தைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், சின்னது, சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படுக்கையில் தளர்வான போர்வை போடக்கூடாது என்பது இன்று குழந்தை வைத்தியர்களின் பொதுவான அறிவுரை, முகத்தை மூடிவிடும் ஆபத்து இருப்பதால். ஆகவே பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். தவழ்ந்து விளையாட விரிப்பாகத் தைக்கலாம். அதிலும் பொத்தான், மணி எதுவும் வைக்காதீர்கள்.

போர்வை உண்மையில் தேவைப்படும் இடம் மலையகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1,200 மீற்றருக்குக் குறையாதவை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் சீமெந்துத் தரையும் தகரக் கூரையும். பகலில் சூடாகும் தகரம் இரவில் அதே வேகத்தில் குளிர்ந்துவிடும். விடியும் நேரத்தில் அதன் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், முதல் தடவை மூட்டையோடு போனபோது, ஒரு பாட்டி நாங்கள் கொடுத்த போர்வையை வாங்கி உடனே போர்த்திப் பார்க்கவில்லை. விளிம்பைத் திருப்பினார். இரண்டு கட்டைவிரலுக்கு இடையில் தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், நாங்கள் தொழிற்சாலையில் தரம் பார்ப்போமே, அச்சு அசல் அப்படியே. பிறகு, “இது நனைஞ்சா காய எத்தனை நாளாகும் தாயி?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கை அடுப்பங்கரையைக் காட்டியது. விறகடுப்புக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு. அதில் பிள்ளைகளின் சட்டை, ஒரு கம்பளி, புகையேறிய துவாய். வைகாசியிலிருந்து ஆவணி வரை மழையும் மூட்டமும். வெளியே எதுவும் காயாது, எல்லாம் அந்த நெருப்புக்கு மேலேதான் காயும். அந்தக் கயிற்றைப் பார்த்த அன்று எனக்கு இரண்டு விடயம் விளங்கியது. ஒன்று, போர்வை கனமாக இருக்கக்கூடாது. இரண்டு, அது நெருப்புக்குப் பக்கத்தில் வாழப்போகிறது. பருத்தியும் எரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அந்தக் காயம் ஆழமாக இறங்கும். ஆகவே மலையகத்துக்குப் போகும் போர்வையின் வெளிப்பக்கம் இரண்டும் முழுப் பருத்தி. இதில் எங்களுக்குள் விட்டுக்கொடுப்பு கிடையாது.

எது பருத்தி என்று எப்படித் தெரியும்? தையற்கடைச் சாக்கில் எல்லாம் கலந்துதான் வரும், கடைக்காரருக்கே தெரியாது. ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விட்டால் பருத்தி. சுருங்கி உருகி, கறுப்பாகக் கெட்டி மணி போல் உறைந்தால் பொலியெஸ்டர். சாம்பலும் உண்டு, கெட்டியும் உண்டு என்றால் கலப்பு. பனியன் துணியை இழுபடாத துணியோடு சேர்க்காதீர்கள். முதல் தோய்ப்பிலேயே ஒன்று இழுபட்டு மற்றது சுருங்கிப் போர்வை கோணிவிடும். பட்டுச் சேலை எவ்வளவு அழகானாலும் வேண்டாம், கல்லில் அடித்துத் தோய்க்கும் இடத்தில் அது ஒரு வருடம் தாங்காது. பழைய பருத்திச் சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடுகளில் இழை மெலிந்து வெளிச்சம் கசியும். அந்த இடத்தை வெட்டி எறியத் தயங்காதீர்கள். துணி போதாவிட்டால் பமுனுவவில் நல்ல பருத்தித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், கெய்சர் வீதியிலும் தேடலாம். ஆனால் உங்கள் வீடுகளில் இருக்கும் பழைய சாரங்களைத் தாண்டி நல்ல துணி நான் கண்டதில்லை: வருடக்கணக்கில் தோய்த்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போய், மெத்தென்று இருக்கும்.

புதுத் துணியானால் வெட்டும் முன் வெந்நீரில் தோய்த்துக் காயவைத்தே ஆக வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சும்மா சொல்லவில்லை. புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் 100 சென்ரிமீற்றருக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் சுருங்குவது வழமை. சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விலக்குங்கள். உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று உங்கள் எட்டுப் பேரில் ஒருவராவது சொல்வார். தொழிற்சாலையில் போட்ட சாயத்தை வீட்டு உப்பு பிடித்துவைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனித் தையல். தையல் அதிகம் தெரியாத எட்டுப் பேர் என்றால், சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டும் மேல்நாட்டு முறையில் தொடங்காதீர்கள். வங்காளத்துக் காந்தா முறையில் தொடங்குங்கள். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லா அடுக்கையும் சேர்த்து வெறும் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் நேர்த்தையல்) போட்டு முடிப்பது, அவ்வளவுதான். பழங்காலத்தில் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்துதான் உருவினார்கள். நாங்கள் ஏளனமாகச் சொல்லும் ‘கந்தை’ என்ற சொல்லும் காந்தாவும் ஒரே வேரில் வந்தவை. சூடு தருவது துணியின் தடிப்பு அல்ல, அடுக்குகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்று. அதனால்தான் ஒரு தடித்த துணியை விட மூன்று மெல்லிய துணிகள் நன்றாகக் குளிர் தாங்கும்.

கணக்கு இப்படி வரும். சேலை ஒன்று ஐந்தரை மீற்றர் நீளம், ஏறத்தாழ 1.15 மீற்றர் அகலம். இரண்டு சேலையிலிருந்து 2.1 மீற்றர் நீளத்தில் நான்கு துண்டு எடுங்கள். ஒவ்வொரு சேலையிலும் 1.3 மீற்றர் மிஞ்சும். மூன்று துண்டு மூன்று அடுக்குக்கு. நான்காவதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் பக்கத்தில் ஒட்டினால் அகலம் 1.7 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். நடு அடுக்குக்குப் பக்கத் துண்டு மிச்சத்திலிருந்து. அது எத்தனை ஒட்டுப் போட்டாலும் யார் கண்ணுக்கும் படாது. ஒரு பெரியவர் இழுத்துப் போர்த்த இது தாராளம். அமெரிக்காவில் லுத்தரன் தேவாலயப் பெண்கள் உலகெங்கும் அனுப்புவதற்காகத் தைக்கும் போர்வைகளுக்கு வைத்திருக்கும் அளவு 60க்கு 80 அங்குலம். நம்முடையது அதை விடக் கொஞ்சம் பெரியது.

அடுக்கியதும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே கையால் தடவிச் சுருக்கம் எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்களின் போர்வை எல்லாம் பின்பக்கம் கொசுவிக்கொண்டுதான் நிற்கும். பிறகு நடுவிலிருந்தே தையலைத் தொடங்க வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் மூன்றை எடுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்ட நூல் முறுக்கேறி முடிச்சு விழும். 7ஆம் இலக்க ஊசி போதும். ஊசி முனையில் நான்கைந்து தையலை ஏற்றிக்கொண்டு ஒரே இழுவையில் இழுக்கப் பழகுங்கள்; அடியில் வைத்த இடது கை விரலில் ஊசி முனை இலேசாகத் தட்டினால்தான் மூன்று அடுக்கையும் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் வாரம் அந்த விரல் சல்லடையாகும். விரலுறை போடச் சொன்னால் புதியவர்கள் யாரும் கேட்பதில்லை. வரிசைகளுக்கு இடையே ஓர் அங்குலம் விட்டால் இந்த அளவுப் போர்வைக்கு 140 மீற்றர் தையல் வரும். இரண்டு அங்குலமாக்கினால் பாதி. நெய்த துணி உள்ளே நகராது என்பதால் இரண்டு அங்குலமே போதும். பழகிய கை மணிக்கு நான்கைந்து மீற்றர் ஓடும், புதிய கை அதில் பாதி. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து தைத்தால் மூன்று நான்கு சனிக்கிழமையில் ஒன்று இறங்கிவிடும்.

வெட்டுத்துணிச் சாக்கை என்ன செய்வது? கர்நாடகத்தில் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அடியில் ஒரு சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை விளிம்பு மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளந்து வெட்ட வேண்டியதில்லை, ஒட்டுவதும் தைப்பதும் ஒரே வேலையில் முடியும். மேலே நடுவிலிருந்து தொடங்கச் சொன்ன என் விதி இங்கே தலைகீழாகிறது. ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போதே தைத்துவிடுவதால் அது பாதகமில்லை. சதுரத் துண்டு முறையில் ஆசை இருந்தால் பிறகு செய்யலாம்: 6 அங்குலச் சதுரம், அகலத்துக்கு 11, நீளத்துக்கு 15, மொத்தம் 165 துண்டு. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். கால் அங்குலத்துக்குப் பதில் ஒரு பெண் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு எடுத்துவிட்டால் 11 துண்டு முடியும்போது அந்த வரிசை மற்ற வரிசையை விட இரண்டரை அங்குலம் குட்டையாக நிற்கும். எட்டுப் பேரின் கை எட்டு விதம். இந்த முறையில் தொடங்கி முதல் மாதத்திலேயே மனக்கசப்போடு கலைந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதி. நடுவே என்ன வைப்பது என்பதில் மட்டும் என் கருத்து இரண்டு தடவை மாறிவிட்டது. இலவம் பஞ்சு கூடாது என்பது நிச்சயம், தோய்த்தால் கட்டி கட்டியாகத் திரளும். பொலியெஸ்டர் பஞ்சுத் தகடு இலேசானது, தண்ணீர் குடிக்காது, சீக்கிரம் காயும், ஆனால் நெருப்பு. பழைய பருத்தி நெருப்புக்குப் பரவாயில்லை, ஆனால் ஈரம் பிடித்தால் இரட்டைப் பாரமாகி, காய நாளெடுக்கும். இப்போது நான் நடுவிலும் மெல்லிய பருத்திதான் வைக்கிறேன், ஒரே தடித்த போர்வைக்குப் பதில் வீட்டுக்கு இரண்டு மெல்லியவை கொடுக்கிறேன். ஒன்று கயிற்றில் இருக்கும்போது மற்றது உடம்பில் இருக்கும். தைக்கும் வேலை கூடுகிறது என்று எங்கள் வட்டத்திலேயே பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் பக்கமும் கதை இருக்கிறது. நான் சொல்வதே முடிவு என்று எடுக்க வேண்டாம்.

காசுக் கணக்கும் ஒன்று உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தது போல நாளைக்கு ஏதும் நடந்தால், ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பணம் சேருங்கள். புறக்கோட்டையில் ஒரே நாளில் ஐம்பது கம்பளி வாங்கி அன்றிரவே அனுப்பலாம், கையால் தைத்தது அந்த வேகத்துக்கு வராது. கைப்போர்வை ஆறுதலான காலத்துக்கானது: தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்துக்கு, முதியோர் இல்லத்துக்கு, பனிக்காலம் தொடங்கும் முன் ஒரு லயத்துக்கு. லயமென்றால் பத்துக் காம்பரா, அதாவது பத்து வீடு, இருக்கும்போது ஆறு போர்வையோடு போகாதீர்கள். பத்தும் சேரும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் திரும்பியதும் அங்கே சண்டை. ஆடியில் தொடங்கினால் கார்த்திகைக்குள் முடியும்.

பெயர் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் கனடாப் பெண்கள் தைத்துப் பிரித்தானியாவில் வீடிழந்தவர்களுக்கு அனுப்பிய போர்வைகளில் கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர்ப் பட்டி இருந்தது. இன்று அவற்றை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். ஆகவே பட்டி பாவமல்ல. நாங்கள் ஒரு மூலையில் விரல் அகலத்தில் வைப்பது, “பருத்தி. வெந்நீரில் தோய்க்கலாம்” என்பதை மட்டும், தமிழிலும் சிங்களத்திலும். கொடுக்கும்போது படம் எடுப்பதில்லை. எங்களில் ஒருவர் ஒரு தடவை எடுத்தார். அந்தப் பாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரும் ஆளுக்கொரு பழைய சாரத்தோடு ஒன்றுகூடுங்கள். சேலையைத் தொட வேண்டாம். சாரத்தின் மூட்டுத் தையலைப் பிரித்து, இரண்டாக மடித்து, ஒரு முழச் சதுரத்தில் மட்டும் ஓட்டுத்தையல் போட்டுப் பாருங்கள். பிறகு அதைத் தோய்த்துப் பல்கனியில் காயப்போட்டு, எத்தனை மணித்தியாலத்தில் காய்கிறது என்று குறித்துவையுங்கள். அந்த எண்ணோடு வந்து எழுதுங்கள், மலைக்கு எத்தனை அடுக்கு என்பதை அப்போது பேசலாம்.